டாப் கியரில் வராத சத்தம்

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டினால் இடது கைப்பக்கம் தகரக் கூரை போட்ட பெரிய ஷெட் தெரியும். அஞ்சாங் கிளாசைத் தாண்டாத நான் கட்டியது. புயலில் கூரை பறந்து பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைத் தோட்டத்தில், விழுந்தபோது நானே இழுத்து வந்து மறுபடி மாட்டினேன். இன்ஜின் தூக்கும் கிரேனைப் பழைய போர்வெல் குழாயிலிருந்து செய்தேன். ஒரு மழைக்காலம் தாங்காது என்று சிரித்தவர்கள் இன்றைக்குத் தங்கள் வண்டியை அங்கேதான் விடுகிறார்கள். இதெல்லாம் ஊர் பார்த்தது. ஊர் பார்க்காதது என் முதல் வேலை. அப்போது எனக்குப் பதினொரு வயது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். என் தாய்மாமா திண்டிவனத்தில் தனியாக ஒர்க்‌ஷாப் போட்ட புதுசு. படிப்பு ஏறாத என்னை அம்மா அவரிடம் தள்ளிவிட்டிருந்தாள். ரைஸ்மில் முதலாளி ஒருவர் தன் அப்பா காலத்துக் காரை மாமாவை நம்பி விட்டார். வெள்ளைக்காரன் ஓட்டிவிட்டுப் போன, துணிக்கூரை மடங்கும் கார். முதலாளி மகனின் மாப்பிள்ளை ஊர்வலம் விழுப்புரத்தில் அதில்தான் போக வேண்டும். மாமா கியர் பாக்ஸை முழுசாகப் பிரித்து, பல் தேய்ந்ததை மாற்றிப் பூட்டினார். வண்டி ஓடியது. கூடவே ஒரு சத்தமும் ஓடியது. சீவாளியை நனைக்காமல் நாதஸ்வரம் ஊதினால் வருமே, அந்த மாதிரி ஒரு இழுவை.

தினம் சாயங்காலம் சத்தம் பார்க்கப் போவோம், கூட்டேரிப்பட்டு வரை. அங்கே ஜங்ஷனில் ஒரு டீக்கடை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மாமா நிறுத்துவார். கடைக்காரர் மகள் குடத்தோடு வருவாள். மூடியைத் திறந்தால் தண்ணீர் விளிம்பு வரை நிற்கும்.

"மாமா, ரொம்பிக்கினுதான் கீது."

"பழைய வண்டிடா. திடீர்னு குடிச்சிடும்."

அந்தப் பெண் என் கையில் வறுத்த மல்லாட்டையைக் கொட்டிக்கொண்டே கேட்பாள்: "இன்னாங்க, இன்னும் சத்தம் போவலியா?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தாங்க போவும்" என்பார் மாமா.

போனதாக எனக்குத் தெரியவில்லை. மாமா தடுமாறுகிறார் என்று நினைத்து நானே களத்தில் இறங்கினேன். காரின் தரைப்பலகையைக் கழற்றி, நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கியர் பாக்ஸில் ஊன்றி, பிடியில் காதை வைத்துப் படுத்துக்கொண்டேன். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது சத்தம் லேசாகக் கேட்டது. மாமா கிளட்ச்சை மிதித்தால் நின்றது. சரி, இன்ஜின் இல்லை, பாக்ஸுக்குள்தான். ரோட்டில் முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது, எல்லாவற்றிலும் ஊளை. டாப் கியர் போட்டதும் கப்சிப்.

அது ஏன் டாப்பில் மட்டும் வராது? மல்லாட்டையை மென்றபடி யோசித்தேன். பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவியவன் நான்தானே. உள்ளே மேலே ஒரு ஷாஃப்ட், கீழே ஒரு ஷாஃப்ட். டாப்பில் இன்ஜின் விசை மேல் ஷாஃப்டிலேயே நேராகப் போய்விடும், கீழே உள்ளது பாரமில்லாமல் சும்மா சுற்றும். பாரம் ஏறினால்தான் ஊளை என்றால், அழுவது கீழ் ஷாஃப்ட்! ஸ்க்ரூ டிரைவரை முன்னும் பின்னும் நகர்த்தினேன். முன்பக்கம் காதைக் கிழித்தது. அங்கே இருப்பது ஒரு பேரிங்.

மாமாவிடம் ஓடிச் சொன்னேன். "வாய மூடிக்கினு மல்லாட்டைய துன்னு" என்றார்.

மறுநாள் முதலாளி வந்து ஒரு சுற்று ஏறிப் பார்த்தார். "ஏம்பா, இந்தச் சத்தத்தோட ஊர்வலம் போனா மேளக்காரனுக்கு இன்னா வேலை? பெரிய பேஜாரா கீதே! நாளைக்குள்ள ஜல்தி முடி. இல்லன்னா மெட்ராசுக்கு இழுத்துக்கினு போயிடுவேன்."

அப்படிப் போனால் அப்புறம் திண்டிவனத்தில் ஒருத்தரும் மாமாவிடம் மொபெட்டைக்கூட விடமாட்டார்கள். மாமாவோ தலையைச் சொறிந்தார். "இன்னும் ரெண்டு தபா கூட்டேரிப்பட்டு போயி வந்தா தெரிஞ்சிடுங்க."

எனக்குத் தாங்கவில்லை. "அய்யா, கீழ் ஷாஃப்டு முன்பக்கத்து பேரிங்குங்க! மாத்துனா போயிடும்."

முதலாளி என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "பொடியனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலியா?"

மாமா என்னை முறைத்தார். மானத்தைக் காப்பாற்றியவனை ஏன் முறைக்கிறார் என்று விளங்கவில்லை.

உடனே பாக்ஸை இறக்கினோம். நான் சொன்ன அதே பேரிங்தான், உள்ளே உள்ள இரும்புக் குண்டுகள் பொரிந்து கிடந்தன. புதுசு வாங்கக் கடைக்கு ஓட வேண்டும் என்று சட்டையை மாட்டினேன். மாமா சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு, ஆயில் பேப்பர் சுற்றிய புது பேரிங் ஒன்றை எடுத்தார். அளவு கச்சிதம். பேப்பர் மேல் தூசு படிந்திருந்தது. என்ன ஒரு முன்யோசனை என்று வியந்துபோனேன்.

ஊர்வலத்துக்குக் கார் சத்தமில்லாமல் போனது. கூட்டேரிப்பட்டில் அவள் குடத்தோடு நின்றாள். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் மாமாவால் நிறுத்த முடியவில்லை. அப்புறம் ஓட்டிப் பார்க்க வண்டியும் இல்லை. சோறு இறங்காமல் திரிந்தவர் ஒருநாள் அம்மாவிடம் வந்து, "யக்கா, கூட்டேரிப்பட்டுல ஒரு வூட்ல போயிப் பேசணும்" என்றார். அந்தப் பெண்தான் என் அத்தை.

பல வருஷம் கழித்து அதே இழுவையோடு ஒரு ஜீப் என் ஷெட்டுக்குள் நுழைந்தது. வண்டி நிற்பதற்குள் எந்த பேரிங் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் தூசு படிந்த அந்தப் பேப்பர் நினைவுக்கு வந்தது. எனக்கே இப்படி என்றால், மாமாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்காதா?

இன்றைக்கும் விசேஷ வீடுகளில் மாமா, "தண்ணி ஊத்த நின்னேன், கண்ணாலம் ஆயிடுச்சு" என்று கதை சொல்கிறார். அத்தை சிரிக்கிறார். கதையில் நான் இல்லை. நான் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், பெண் கேட்கும் தைரியம் வராமல் அவர் இன்னமும் நிரம்பிய ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். சத்தத்தைப் பிடித்தவன் நான். சம்பந்தத்தை முடித்தவனும் நான். அடுத்த தடவை அந்தக் கதை என் பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.