வெளுக்கப் போட்ட வெள்ளிப் பெட்டி

இன்று கைப்பேசியில் ஓர் அருங்காட்சியகத்தின் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள், தலைமுடி போன்ற வெள்ளிக் கம்பிகளால் கொடியும் பூவுமாகப் பின்னிய ஒரு சின்னப் பெட்டியில் நின்றுவிட்டேன். ஐரோப்பியச் சேகரிப்பாளர்களுக்காக ஆசியாவில் செய்தது என்று கீழே எழுதியிருந்தது. இப்படி ஒன்றை நான் மடியிலேயே வைத்திருந்திருக்கிறேன், நம்புவீர்களா!

பல்லடம் சாலையில், இப்போது இடித்துவிட்ட ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் அறையில் அப்பா எம்ப்ராய்டரி டிசைன் வரைந்தார். பஞ்சுத் தூசி மிதக்கும் அந்த அறையில், ஓவர்லாக் தையல் மிஷின்களின் இரைச்சலுக்கு நடுவே, பனியன் ஆர்டர் தர வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் மாதிரிக்காக விட்டுப்போன பழைய பெட்டியின் கொடிகளை அப்பா காகிதத்தில் இறக்கிக்கொண்டிருக்க, பள்ளி விட்டு வந்த நான் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டுவேன்.

திருப்பிக் கொடுக்கும் நாளில், கம்பி இடுக்குகளில் இருந்த கறுப்பு அப்பாவை உறுத்தியது. பனியன் துணியை வெளுத்தே பழகிய எங்கள் ஊரில் எதையும் வெளுக்காமல் அனுப்ப மனசு வராது.

"பனியனே வெளுக்குது, வெள்ளி வெளுக்காதுங்களா?" என்றார் கம்பெனியில் துணி வெளுக்கும் பிளீச்சிங் சின்னுச்சாமி அண்ணன்.

"முக்குங்கப்பா, முக்குங்க!" என்று குதித்தது நான்தான்.

பிளீச்சிங் தண்ணீரிலிருந்து எடுத்தபோது பெட்டி முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. பையர் திட்டவில்லை. கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அந்த ஆர்டர் வரவேயில்லை. அப்பாவை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவராகவே பேக்கிங்குக்குப் போய்விட்டார். இன்றும் வேறொரு கம்பெனியில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறார்.

"ஒரு பூ வரைஞ்சு குடுங்கப்பா" என்று கேட்டால், "எனக்கெங்க, கண்ணு, அதெல்லாம் வருது?" என்கிறார்.