டீச்சரின் முகத்துக்கு ஏற்ற பிலிம்

பெரிய கேமராவில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பவன் என்று தஞ்சாவூரில் எனக்கொரு பெயர் உண்டு. சோறு போடுவது என்னவோ கீழ்த்தளத்தில் எடுக்கும் பாஸ்போர்ட் படம்தான். பெரிய கேமரா இருக்கும் மாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேமராவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதனால் கீழ்வேளூரிலிருந்து ரயிலேறி வந்த அந்த டீச்சரையும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். முகத்திலும் கைகளிலும் வெண்புள்ளி. வாயோரத்திலும் கண்களைச் சுற்றியும் திட்டுத் திட்டாகப் பரவியிருந்தது. உட்கார்ந்ததும் செல்போனை நீட்டினார்.

"ரிட்டயர்மெண்ட் அன்னிக்கு எடுத்தது. என்னைப் பாருங்க."

படத்தில் அவர் முகம் மாவு பூசியதுபோல வழவழவென்று இருந்தது. ஒரு திட்டைக்கூடக் காணோம்.

"இத்தனை வருஷம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பின் வரிசையில ஒளிஞ்சு நின்னேன். இனிமே ஒளிய வேணாம்னு நெனச்சா, போன் என்னைய ஒளிச்சு வைக்குது. பிலிம்னா இருக்கறது இருக்கறபடி விழும்னு சொன்னாங்க."

அப்படியெல்லாம் விழாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கேமராவைத் தயார் செய்யப் போய்விட்டேன்.

கையிலிருந்தது சிவப்பு நிறத்தை உணராத பிலிம். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், படம் மெல்ல எழும்புவதைப் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்பதால் எனக்கு அது பிடிக்கும். அதிலேயே எடுத்தேன். பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். அவருடைய மாநிறம் கரியாகியிருந்தது. திட்டுகள் அதன்மேல் வெளேரென்று பளிச்சிட்டன.

"சுண்ணாம்பு தெளிச்ச சுவர் மாதிரி இருக்கு," என்றார் டீச்சர். "கண்ணாடியில நான் இப்படி இல்லையே, தம்பி?"

நம் தோலின் பழுப்பில் சிவப்பு கலந்திருக்கிறது, இந்த பிலிமுக்கு அது தெரியாது, அதனால் கறுப்பாக்கிவிடும் என்று விளக்கினேன்.

"அப்ப சிவப்பு தெரியற பிலிமாப் போடுங்க," என்றார். அவருக்கு அவ்வளவு எளிதாக இருந்தது.

எனக்குத்தான் இல்லை. இணையத்தில் தேடினால் பிலிம் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம். எதைப் படித்தாலும் உதாரணத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் முகம். இங்கே நாற்று நடுகிற பெண்ணின் தோல் எந்த பிலிமில் எப்படி விழும் என்று ஒருவரும் எழுதக் காணோம். கடைசியில் எல்லா நிறமும் தெரிகிற, ஆனால் வெளிச்சம் நிறையக் கேட்கிற, வேகம் குறைந்த பிலிம் ஒன்றை ஆர்டர் செய்தேன். கூரியர்காரர் அதை ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்திருந்து கொண்டுவந்தார். பெட்டி சுட்டது; பிலிமுக்குச் சூடு ஆகாது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

போன தடவை வந்த கடுமை தணியட்டும் என்று சிவப்பை வெளுப்பாக்கிக் காட்டும் சிவப்புக் கண்ணாடி ஒன்றை லென்சுக்கு முன்னால் போட்டேன். வெளிச்சம் போதவில்லை. மறுபடி வந்த டீச்சரைச் சிலைபோல உட்காரச் சொல்லி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுத்தேன். இந்த முறை பழுப்பு வெளுத்துத் திட்டுகளோடு கலந்துவிட்டது. உதடும் வெளிறிப்போய், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்போல இருந்தார்.

டீச்சர் பிரிண்டை மேஜையில் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"போன் செஞ்சதத்தான் நீங்களும் செஞ்சிருக்கீங்க."

"வேணும்னு செய்யல டீச்சர்."

"தெரியும். அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு."

அன்று யாரோடும் சரியாகப் பேசவில்லை. கீழே ஒருவர் பாஸ்போர்ட் படத்தில் தன் காது பெரிதாகத் தெரிகிறது என்றார். அவரிடம் எரிந்து விழுந்தேன்.

இனி மிச்சமிருந்த வழி, எல்லா நிறமும் தெரிகிற, கொஞ்ச வெளிச்சமே போதுமான வேகமான பிலிம். படம் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று அதை நான் சீண்டியதே இல்லை. உள்ளங்கை அகல நெகட்டிவில் புள்ளி எங்கே தெரியப்போகிறது என்பது மூளைக்கு உறைக்க இவ்வளவு நாளாகியிருக்கிறது. வரவழைத்து, ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தேன். டீச்சருக்குப் போன் செய்தபோது வருவாரா என்றே சந்தேகம். குறுவை அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் வீட்டுக்காரர் அலைகிறார், முடிந்ததும் வருகிறேன் என்றார். வந்தார்.

சிவப்புக் கண்ணாடி வேண்டாம் என்று கழற்றி வைத்தேன். மூச்சைப் பிடிக்கச் சொல்லத் தேவையில்லாததால் பேச்சுக் கொடுத்தேன். பத்தாம் வகுப்பில் ஒருத்தி வட்டத்துக்கு நாலு மூலை வரைந்த கதையைச் சொல்லிச் சிரித்தார். முதல் பிலிமில் கண்ணை மூடிவிட்டார். இரண்டாவதில் முகம் விழுந்தது.

பழுப்பு பழுப்பாக, திட்டு திட்டாக, உதடு உதடாக, எல்லாம் அதனதன் இடத்தில். சந்தோஷத்தில் பூதக்கண்ணாடியை வைத்து உற்றுப் பார்த்தேன். காதோரத்து முடி ஒவ்வொன்றாக எண்ணலாம். தோட்டின் கல் மின்னியது. கண் இரண்டும் மங்கல். சிரிக்கும்போது துளி முன்னால் சாய்ந்திருக்கிறார். பெரிய கேமராவில் கண் மங்கிப்போக அந்தத் துளி போதும். சரியான பிலிம் கையில் கிடைத்த அன்றைக்கு போகஸைக் கோட்டை விட்டிருந்தேன்.

"டீச்சர், இன்னொன்னு எடுத்துடலாம். கண்ணு ஷார்ப்பா இல்ல."

அவர் படத்தைக் கைக்கு எட்டிய தூரத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரலால் வாயோரத்துத் திட்டைத் தொட்டார்.

"இது நான்தான்," என்றார்.

"ஒரே நிமிஷங்க. பிலிம் இருக்கு."

"வேணாம், தம்பி. மூணேகால் ரயிலைப் பிடிக்கணும். ஃபிரேம் மட்டும் நல்லதாப் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். இப்போது கீழ்வேளூரில் அவர் வீட்டுக் கூடத்தில், வாசலில் நுழைகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறாராம். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்களாம். இரண்டு முறை போன் செய்து, கண் ஷார்ப்பாக இன்னொன்று எடுத்துவிடலாம், ரயில் செலவு என்னுடையது, ஒருமுறை வந்து போங்கள் என்று கேட்டுவிட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிடுகிறார்.