பனிச்சாலையில் பெல்ட் கூடாது

கடல் உறைந்தால்தான் ஹீயுமா தீவுக்குச் சாலை. எஸ்தோனியக் கரையில் அதைத் திறப்பதும் மூடுவதும் ஹெல்கி பிஹ்லாக்கின் வேலை. விடிந்ததும் ஐஸில் துளை போட்டுக் கனம் பார்ப்பாள். ஐம்பத்திரண்டு வயது. பிடித்தால் குரங்குப்பிடி.

நாடு ராணுவக் கூட்டணியில் சேர்ந்த வருடமே அவளும் ஊர்க்காவல் படையில் சேர்ந்தாள். வெளிநாட்டுப் படைகள் பயிற்சிக்கு வரும்போதெல்லாம் அவளுக்குக் கிடைத்தது பட்டாணி சூப்புக் கொப்பரை. இருபது வருடம் அகப்பைதான் ஆயுதம். அவள் தம்பி உர்மாஸ் அதே கூட்டணிக்காக ஆப்கானிஸ்தான் போய் ஒரு காலை விட்டுவிட்டு வந்தான். அப்படியும் வருகிறவன் எல்லாம் "உங்களைக் காப்பாத்த வந்திருக்கோம்" என்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வராதா பின்னே?

இந்த பிப்ரவரியில்தான் முதன்முறையாக ஒரு வெளிநாட்டுப் படையைத் தீவுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு அவளிடம் வந்தது. ஏழு ஜீப்புகள்.

"எல்லாரும் பெல்ட்டைக் கழட்டுங்க," என்றாள்.

அந்தப் படையின் கேப்டன் ஹார்கிரீவ் சிரித்தார். "எங்க படையில பெல்ட் போடாம வண்டி நகராதும்மா. சட்டம்."

"அது தரைக்கு. ஐஸ் உடைஞ்சா கதவைத் திறந்து குதிக்கணும். பெல்ட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தா மீனுக்குத்தான் சாப்பாடு."

"மேலிடத்துல கேக்கணும்."

"கேளுங்க. மூணு மணிக்குச் சாலையை மூடிடுவேன்."

கொஞ்ச நேரத்தில் அவளுடைய மேஜரே போனில் வந்தார். "விருந்தாளிங்க, ஹெல்கி. அனுசரிச்சுப் போ. இல்லேன்னா வேற ஆளைப் போடச் சொல்லுவாங்க."

"போட்டுக்குங்க. நான் இருக்கிறவரைக்கும் இதுதான்."

தடுப்புக் கம்பை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மறுபடி அகப்பைதான் என்று மனசு சொன்னது. வலித்தது. எழுந்திருக்கவில்லை.

காவல் குடிசையிலிருந்து உர்மாஸ் நொண்டி நொண்டி வந்தான். பொய்க்காலைத் தட்டிக் காட்டினான். "நீங்க கூப்பிட்ட இடத்துக்கு நாங்க வந்தோம், கேப்டன். ஏன்னு கேக்கல. இன்னைக்கு ஒரு நாள் நீங்க கேக்காம வாங்க."

கேப்டன் அந்தக் காலையே பார்த்தார். பிறகு ரேடியோவை எடுத்தார். "எல்லாரும் பெல்ட்டைக் கழட்டுங்க. இன்னைக்கு அந்தம்மா பேச்சுதான்."

ஹெல்கி முன் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். நடுக்கடலில் ஐஸ் முனகியது. கேப்டனின் கை தானாகப் பெல்ட்டைத் தேடியது. அவள் ஒரு தட்டு தட்டினாள்.

"அது முனகத்தான் செய்யும். கையை எடுங்க."

ஏழு ஜீப்பும் தீவில் ஏறியதும் கரையிலிருந்து உர்மாஸ் ரேடியோவில் கேட்டான்: "அக்கா, ராத்திரிக்கு சூப்பு யாரு?"

ஹெல்கி கேப்டனைப் பார்த்தாள். "விருந்தாளிங்க வைப்பாங்கடா. பட்டாணியை ஊறப்போடச் சொல்லியாச்சு."