நடுங்கிக்கொண்டே விண்ணப்பித்த ரெஜினா

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ரெஜினாவின் தம்பி அந்தோணி போன் செய்தபோது, நான் அவள்மேல் கோபமாக இருந்தேன். முந்தின நாள் நான் அனுப்பிய மூன்று செய்திகளுக்கும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை எங்களுக்கு மானியக் குழுவின் நேர்காணல். "மல்லிகாக்கா, அக்கா போயிட்டாங்க. காலையில எழுப்பப் போனேன், எழுந்திரிக்கல," என்றான் அந்தோணி. உங்கள் எல்லார் முன்னிலையிலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். வெள்ளிக்கிழமை யார் போய்ப் பேசுவது என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அவளை நினைத்து இந்த ஆலய மண்டபத்தில் கூடியிருக்கும் பலருக்கு அவள் ஈஜோக் பாலர் பள்ளி ஆசிரியை. எனக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரே லயத்தில் பக்கத்து வீட்டில் வளர்ந்த தோழி. எங்கள் தோட்டம் விற்கப்பட்டு, சனங்கள் புக்கிட் செந்தோசாவுக்கும் சுங்கை புரோங்குக்கும் சிதறிய பிறகு அங்கே எஞ்சியது இடுகாடு மட்டும். உளுத்த சிலுவைகளும் எழுத்து அழிந்த கற்களும்தான் இருந்தன. யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று முறையான வரைபடம் இருந்தால் அந்தக் குழிகளை வேறிடத்துக்கு மாற்றித் தருகிறோம், இல்லாவிட்டால் முடியாது என்று நிலத்தை வாங்கியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஞாபகம் உள்ள முதியவர்களை வேனில் அழைத்து வர வேண்டும். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். நில அளவையர் ஒவ்வொரு குழியையும் குறிக்க வேண்டும். எங்கள் இருவர் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? அதனால் மானியம் தேடக் கிளம்பினோம்.

முதல் விண்ணப்பத்தை எழுதியவள் நான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நம் சனங்களுக்காக நிர்வாகித் துரைக்கு எழுதித் தருவாரே மனு, அதே மாதிரி எழுதியிருந்தேன். ஏழைகள், நாதியற்றவர்கள், கருணை காட்டுங்கள் என்று ஒரே புலம்பல். நிராகரித்துவிட்டார்கள். காரணம் கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. துரை இல்லை என்றால் இல்லைதான் என்று வளர்ந்தவள் நான். ரெஜினாதான் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாள். உட்காரவில்லை. எழுந்து நின்று, சேலைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்துத் துடைத்துப் பேசினாள். எடுத்தவர் ஓர் அதிகாரி அம்மாள். நீங்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லையே என்றாராம். போனை வைத்ததும் ரெஜினா தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "மல்லி, நாம பிச்ச கேட்டிருக்கோம்லா. அவங்க கேக்குறது, நீ என்னா வேல செய்யப்போறன்னு."

அவளைத் துணிச்சல்காரி என்று அடக்கத்தன்று பலரும் சொன்னீர்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். எங்கள் இருவரில் பெரிய பயந்தாங்கொள்ளி அவள்தான். எந்த மானிய அறிவிப்பு வந்தாலும் யாருக்குக் கொடுக்க மாட்டார்கள் என்ற பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். இறுதி நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுவாள். அனுப்பிய பிறகும் ஒவ்வொரு இணைப்பையும் திறந்து பார்ப்பாள். "என்னாடி, விண்ணப்பப் பாரத்துக்குள்ள பேயா இருக்கு?" என்று கிண்டல் செய்வேன். "பயந்தவதான் ரெண்டு வாட்டி படிப்பா. தைரியசாலிங்கல்லாம் கடைசி நாள்ல லைன் இல்லன்னு அழுவாங்க," என்பாள். இரண்டாவது விண்ணப்பத்தை அவளே எழுதினாள். அதற்குத்தான் நேர்காணல் கிடைத்தது.

நேர்காணல் கடிதம் வந்த வாரம் வீராசாமி ஐயாவை அழைத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போனோம். தோட்டத்தில் குழி வெட்டியவர் அவர். "இது பாக்கியம். பக்கத்துல அவ புள்ள, பேரு வைக்கல," என்று கைத்தடியால் காட்டிக்கொண்டே நடந்தார். வேலிக்கு அப்பால் ஓர் இயந்திரம் செம்பனைகளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மரமும் விழும்போது எங்கள் காலடியில் தரை அதிர்ந்தது. "நம்ம பக்கம் எப்பம்மா வருவான்?" என்று கேட்டார். ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. பயத்தில்தான் என்று நினைத்தேன். இருதயக் கோளாறுக்கு அவள் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அந்தோணிக்கும் தெரியாது. அதை மறைத்ததற்காக அவள்மேல் எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது.

வியாழக்கிழமை அடக்கம். வெள்ளிக்கிழமை அந்தோணி தன் லோரியில் என்னைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனான். அந்த அலுவலகத்தில் இரண்டு தடவை கழிவறைக்குப் போனேன். மூன்றாவது தடவை அப்படியே ஓடிவிடலாம் என்றிருந்தபோது பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். திட்டத் தலைவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். முடிந்தது, எழுந்து போகச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். நடுவில் இருந்த அம்மாள் விண்ணப்பத்தைப் புரட்டி, என்னென்ன இடர்கள் வரலாம் என்ற பகுதியில் நிறுத்தி, மலாயில் வாசித்தார். "எனக்கு ஏதாவது நேர்ந்தால் திருமதி மல்லிகா தொடர்வார். இங்கே புதைந்திருப்பவர்களில் பாதிப் பேரை அவருக்கும் தெரியும். அவர் மிகவும் பயப்படுவார். ஆகவே யாரையும் விட்டுவிட மாட்டார்." பிறகு நிமிர்ந்து, "இது நீங்கள்தானா?" என்றார்.

அந்தப் பக்கத்தை நான் படித்ததே இல்லை. ரெஜினா எழுதினால் சரியாக இருக்கும் என்று விட்டிருந்தேன். ஆமாம் என்றேன். முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். வீராசாமி ஐயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, முதலில் அவர் சொல்வதைப் பதிவு செய்வோம் என்று தொடங்கினேன். அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று கேட்டால் இன்றுவரை எனக்கே தெரியாது.

போன வாரம் மானியம் கிடைத்துவிட்டது. உங்களுக்கு இது நல்ல செய்தி. எனக்குப் பயம். திட்டத் தலைவர் என்ற இடத்தில் இப்போது என் பெயர் இருக்கிறது. இயந்திரம் வேலி ஓரத்துக்கு வந்துவிட்டது. நான் ஒரு பெயரைத் தவறவிட்டால் அந்த மனிதருக்கு இந்த மண்ணில் வேறு இடம் கிடையாது. ரெஜினா எனக்குத் தைரியத்தை விட்டுப்போனாள் என்று சொல்ல ஆசைதான். அவள் விட்டுப்போனது அவளுடைய பயத்தை. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு முதியவர்களோடு இடுகாட்டுக்கு வேன் கிளம்புகிறது. உங்கள் வீட்டு ஆள் யாராவது அங்கே புதைக்கப்பட்டிருந்தால், தேநீர் குடித்துவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். அவர்களுடைய பெயரை என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.