பதினான்கு நொடி

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண்ணின் ரெக்கார்ட் நோட்டில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம்.

நான் புதுச்சேரி பக்கம் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் வாத்தியார் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பாடத்தின் பெயர் 'அதிர்வும் ஒலியும்'. ஒரு பொருள் ஏன் ஆடுகிறது, எவ்வளவு வேகத்தில் ஆடுகிறது, அந்த ஆட்டம் எப்படி அலையாகி நம் காதுவரை வந்து சேருகிறது... கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியட். முப்பது பேரில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். மீதிப் பேர், "இன்டர்வியூல இதெல்லாம் கேப்பாங்களா சார்?" என்பார்கள். முன்பெல்லாம் பதில் சொல்வேன். இப்போது போர்டைத் துடைக்கத் திரும்பிக்கொள்கிறேன்.

இந்தப் பாடத்துக்கு ஒரு லேப் உண்டு. முதல் எக்ஸ்பெரிமென்ட் ரொம்ப எளிது. ஸ்டாண்டில் ஒரு ஸ்பிரிங் தொங்கும். அதில் எடைக்கல்லை மாட்டி, கொஞ்சம் இழுத்து விட வேண்டும். மேலும் கீழுமாக இருபது முறை ஆட எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான்.

விடை, பதினான்கு நொடி. ஒரு காலத்தில் நானே அளந்து பார்த்தது. மாணவர்களுக்கும் தெரியும் — சீனியர் ரெக்கார்ட் இருக்கிறதே? ஹாஸ்டலில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன நோட்டு. வருஷா வருஷம் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். கொஞ்சம் கெட்டிக்காரன் 14.1 என்று போடுவான். நம்பும்படி இருக்க வேண்டுமே. நானும் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

நிவேதா மட்டும் பதினேழு என்று எழுதியிருந்தாள்.

வீராம்பட்டினத்துப் பெண். கடைசி வருஷம். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். அவள் நோட்டில்தான் அந்த வட்டம். பக்கத்தில் 'மறுபடி செய்' என்றும் எழுதினேன். மறுநாள் வந்து நின்றாள்.

"மூணு வாட்டி பண்ணேன் சார். பதினேழுதான் வருது."

"எல்லாருக்கும் பதினாலு வருது. உனக்கு மட்டும் எப்படிம்மா வராம போவும்? எண்ணுறப்ப தப்பு விட்டிருப்ப."

அன்றைக்குச் சாயங்காலம் காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டு லேபிலேயே இருந்திருக்கிறாள். அப்புறம் இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போயிருக்கிறாள். வியாழக்கிழமை அதே நோட்டு, அதே பதினேழு. கண் கலங்கியிருந்தது. அந்த வாரத்துக்குள் கையெழுத்து வாங்காவிட்டால் இன்டர்னல் மார்க் போய்விடும். மார்க் போனால் பேப்பர் நிற்கும். அரியர் இருக்கிறவர்களைக் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார விட மாட்டார்கள்.

"மாத்தி எழுதிடட்டுமா சார்?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'வா, நானும் எண்ணிப் பார்க்கிறேன்' என்று எழுந்திருக்க வேண்டும். லேப் அடுத்த அறைதான். ஆனால் மேஜையில் இன்னும் இருபது நோட்டு கிடந்தது. மண்டையைப் பிளக்கிற வெயில் வேறு.

"எழுதிடும்மா" என்றேன்.

ஒயிட்னர் தடவி, காய்ந்த பிறகு, பதினான்கு என்று அழகாக எழுதிக் கொண்டுவந்தாள். கையெழுத்துப் போட்டேன். "தேங்க்ஸ் சார்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தேங்க்ஸ் என்னவோ செய்தது. எழுந்து லேபுக்குப் போனேன்.

அந்த ஸ்பிரிங்கை நான் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்று? எடையை மாட்டி இழுத்து விட்டேன். எண்ணினேன். பதினேழு. இன்னொரு முறை. பதினேழு.

லேப் அசிஸ்டென்ட் பாஸ்கர் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். "இது அந்தப் பழைய ஸ்பிரிங்தானே பாஸ்கர்?" என்றேன்.

"இல்ல சார். அது தொங்கிப்போச்சுன்னு அரியாங்குப்பத்துல ஒரு பட்டறையில புதுசு சுத்தி வாங்கியாந்து மாட்டினேன். நாலு வருஷம் ஆவுது. உங்ககிட்டதான் சொன்னேன் சார்."

சொல்லியிருப்பார். நானும் தலையை ஆட்டியிருப்பேன்.

ஆக, நான்கு வருஷமாக அந்த ஸ்பிரிங் பதினேழு நொடி ஆடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் பதினான்கு என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். நான்கு பேட்ச். பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல்கள்கூட டிக் அடித்துவிட்டுத்தான் போனார்கள். இதில் யாரும் கெட்டவர்கள் கிடையாது. எல்லோருக்கும் கொஞ்சம் அலுப்பு... ஒரு பொய் வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்க அது போதும் போலிருக்கிறது. உங்கள் ஆபீசில் மட்டும் என்ன வாழ்கிறது?

வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன். தப்பு என்னுடையது, நிவேதாவின் பதினேழுதான் சரி, மற்றவர்கள் மறுபடி அளக்க வேண்டும் என்று. ஆளாளுக்கு முறைத்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன். மனசு கொஞ்சம் லேசானது.

அன்றைக்கு இரண்டாவது எக்ஸ்பெரிமென்ட். மேஜை ஓரத்தில் இறுக்கிய இரும்புப் பட்டையைத் தட்டிவிட்டு, அதன் ஆட்டத்தை எண்ண வேண்டும். சுற்றிக்கொண்டே அவள் மேஜைக்கு வந்தேன். நோட்டைத் திறந்து, கோடு போட்டு, கட்டம் கட்டி வைத்திருந்தாள். ஸ்டாப்வாட்ச் உறையிலேயே இருந்தது.

"ஆரம்பிக்கலையாம்மா?" என்றேன்.

பேனாவைத் திறந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு எவ்ளோ வரணும் சார்?"

இந்த செமஸ்டரில் நான் நடத்தியதில் ஒரு பாடம் மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.