நானூறு நாள் அணையாத கணினி

கணினியை அணைத்து அணைத்துப் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், பெங்களூரில் ஈஜிபுராவில் குடியிருந்தபோது, இது எனக்குக் கிட்டத்தட்ட ஒரு மதமாகவே ஆகியிருந்தது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட இயந்திரத்தை ஒரு தடவை கிளப்பிவிட்டால் அது பாட்டுக்கு ஓட வேண்டும். கோளாறு வந்தால் உள்ளே நுழைந்து காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பொத்தானை அமுக்கி அணைத்துப் போடுவது கையாலாகாதவன் வேலை. இப்படித்தான் கண்டவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தேன்.

கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என்னைப் போன்ற பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு நண்பரின் மாடியறையில் கூடுவோம். ஒருவர் குடும்பத்தை இன்னொருவர் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. "எத்தன நாளாச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. கடைசியாகக் கிளப்பிய பிறகு நிற்காமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்பதை லினக்ஸ் எண்ணி வைத்திருக்கும். ஒரு கட்டளை அடித்தால் காட்டும். நூறு நாள் என்றால் தலையாட்டுவார்கள். இருநூறு என்றால் முதுகில் தட்டுவார்கள். என்னிடம் இருந்தது நானூறைத் தாண்டிய ஒன்று.

அது என் வீட்டில் இல்லை. ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு சிறிய நர்ஸிங் ஹோமில், மாடிப்படிக்கு அடியில் இருந்த துடைப்ப அறையில் இருந்தது. நான் கணினி பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன்; அந்த நர்ஸிங் ஹோம் எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய ரத்தப் பரிசோதனைக்கூடம் சாலைக்கு எதிர்ப்புறம், ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. பரிசோதனை முடிவுகளை அனுப்பச் சாலையின் குறுக்கே கேபிள் இழுத்தார்கள். உயரமாகச் சரக்கு ஏற்றிவந்த லாரி ஒன்று அறுத்துக்கொண்டு போனது. மறுபடி இழுத்தார்கள், மறுபடி அறுந்தது. "ஒயரே வேணாம் டாக்டர், காத்துலயே அனுப்பிரலாம்" என்று சொன்னவன் நான்தான்.

எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலைந்து இரண்டு பழைய கணினிகளுக்கு உதிரி சேர்த்தேன். கம்பியில்லா இணைப்புக்கு இரண்டு கார்டுகள் வாங்கினேன். ஆண்டெனாவைப் பால்பவுடர் டப்பாவில் நானே செய்தேன். அந்த நாட்களில் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் டப்பாவைத் துளைத்துக்கொண்டுதான் இருந்தோம். மொட்டைமாடிக்கு ஒன்றாக இரண்டு டப்பாக்கள் சாலைக்கு மேலே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். எதிரே பரிசோதனைக்கூடத்தில் முடிவைத் தட்டச்சு செய்தால் இங்கே வார்டில் பிரிண்டர் கடகடவென்று அடித்துத் தள்ளும். முதல் தாள் வந்த அன்று நான் கண்கலங்கியதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் அந்தப் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். வைத்த புதிதில் ஒரு நாள், "தம்பி, சில நேரம் பேப்பர் வரமாட்டேங்குது" என்று மெதுவாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சிஸ்டர், இது நிக்கவே நிக்காத மெஷின். பேப்பர் தீர்ந்திருக்கும், ஒழுங்கா பாருங்க" என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு புகாரும் வரவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவிக்குப் பிரசவத்துக்கும் அங்கேதான் பதிந்திருந்தோம். ஒன்பதாம் மாதத்தில் அவளுக்குக் கால் வீங்கியது, பிறகு கை, பிறகு முகம். வளையல்களைச் சோப்பு போட்டுத்தான் கழற்ற முடிந்தது. ஒரு புதன்கிழமை மதியம், "ஏங்க, கண்ணு முன்னாடி ஏதோ பூச்சி பறக்கற மாதிரி இருக்கு" என்றாள். ஆட்டோ பிடித்து நர்ஸிங் ஹோமுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பிரஷர் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"உடனே ஆபரேஷன் பண்ணணும். ஆனா பிளட் ரிப்போர்ட் பாக்காம முதுகுல ஊசி போட முடியாது. பிளேட்லெட் ரொம்பக் கம்மின்னா ரத்தம் உறையாது. அப்ப மயக்கம் குடுக்கற மொறையே வேற, ரத்தமும் ரெடியா இருக்கணும்" என்றார்.

"பிளட் எடுத்து எதிர்ல அனுப்பியாச்சு டாக்டர்" என்றார் சிஸ்டர்.

"ரிசல்ட் அடிச்ச உடனே இங்க பிரிண்ட் ஆயிரும் டாக்டர்" என்று நானும் சேர்ந்து சொன்னேன். அந்தப் பயத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. என் மனைவி கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் டப்பா ஆண்டெனாவைப் பற்றி எல்லாம் தெரியும். அந்தப் பால்பவுடரையெல்லாம் அவள்தான் வேறு பாத்திரத்தில் கொட்டி வைத்தாள்.

அப்போது கரண்ட் போனது. பெங்களூரில் கரண்ட் போவது ஒரு செய்தியே இல்லை. ஆனால் மாடிப்படிக்கு அடியிலிருந்து பீப், பீப் என்று யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. வேறு யாருக்கும் அது வெறும் சத்தம். எனக்கு அப்படி இல்லை.

ஏனென்றால் அந்த யுபிஎஸ்ஸின் பேட்டரி செத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். இரண்டரை மாதம் முன்னால் எங்கள் கம்பெனியிலிருந்தே ஆள் புதுப் பேட்டரியோடு வந்தான். மாற்றவேண்டுமானால் கணினியை அணைக்க வேண்டும். அப்போது கணக்கு முந்நூற்று நாற்பதில் இருந்தது. "நானூறு தாண்டட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவனைத் திருப்பி அனுப்பியவன் நான். நானூறு தாண்டியது. ஐந்நூறு வரை போகுமா பார்க்கலாம் என்று ஆசை வந்தது. ஒரு எண்ணுக்காகத்தான் இத்தனையும்.

பீப் சத்தம் நெருங்கி நெருங்கி வந்து ஒரே நீளமாக இழுத்து நின்றுவிட்டது. துடைப்ப அறைக்கு ஓடினேன். விசிறிச் சத்தம் இல்லை, விளக்கு இல்லை. வெளியே வாட்ச்மேன் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "டீசல் ஹாக்தா இதீனி சார், ஐது நிமிஷ!" என்று, டீசல் ஊற்றிக்கொண்டிருப்பதாகக் கன்னடத்தில் கத்தினார். அந்த ஐந்து நிமிடமும் நான் இருட்டில் இயந்திரத்தின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

ஜெனரேட்டர் ஓடியது. பொத்தானை அமுக்கினேன். திரையில் வரிகள் ஓடி ஓரிடத்தில் நின்றன. இந்த வன்வட்டு நெடுநாளாகச் சோதிக்கப்படவில்லை, இப்போது சோதிக்கிறேன் என்று லினக்ஸ் அறிவித்தது. ஒரு சதவீதம். இரண்டு சதவீதம். நானூறு நாளாக அதைச் சும்மா விட்டதற்கு வட்டியோடு இப்போது வசூலித்தது. இடையில் நிறுத்தினால் வட்டு கெட்டுப்போகுமோ என்று பயம்; நிறுத்தாவிட்டால் என் மனைவிக்கு என்ன ஆகுமோ என்று அதைவிடப் பயம். வார்டிலிருந்து யாரோ வேகமாக நடக்கும் சத்தமும் ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளும் சத்தமும் கேட்டன. போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகக் கணினி எழுந்தது. எதிர்ப்புற இயந்திரத்தைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு புது ஆபீஸ் வந்தது. அவர்களும் கம்பியில்லா இணைப்பு வைத்தார்கள். இரண்டும் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், மோதிக்கொண்டன. நான் வந்து எங்கள் இரண்டு முனைகளையும் வேறு சேனலுக்கு மாற்றினேன். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் நேரடியாகக் கட்டளை அடித்து மாற்றினேன். கணினி மறுபடி கிளம்பும்போது படிக்கிற கோப்பில் அதை எழுதி வைக்கவில்லை. இதுதான் மறுபடி கிளம்பப் போவதே இல்லையே, எதற்கு எழுதுவது?

எதிர்ப்புற இயந்திரம் அதன் யுபிஎஸ்ஸில் நிற்காமல் புதுச் சேனலிலேயே ஓடிக்கொண்டிருந்தது, இது பழைய சேனலில் எழுந்திருந்தது; எந்த எண்ணுக்கு மாற்றினேன் என்று நினைவில்லை. மொத்தமே பதிமூன்று சேனல்கள்தான். ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். எளிய கட்டளையை மூன்று தடவை தப்பாக அடித்தேன். நாலில் இல்லை. ஐந்தில் இல்லை. ஏழில் ஒரு கணம் ஏதோ வந்த மாதிரி இருந்து போய்விட்டது. "முருகா, முருகா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு அடித்தேன். கடவுளைப் பற்றி அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் பேசியதெல்லாம் வேறு.

பதினொன்றில் பதில் வந்தது. மேலே வார்டில் பிரிண்டர் கடகடவென்று ஓடுவது கேட்டது. இரண்டிரண்டு படியாக ஏறினேன். தாளைக் கிழித்தேன். என் மனைவியின் பெயர், அதற்குக் கீழே எண்கள். கட்டிலைப் பார்த்தேன், காலியாக இருந்தது. தலையணையின் பள்ளம் அப்படியே இருந்தது.

"தம்பி, தம்பி, பயப்படாதீங்க" என்று சிஸ்டர் ஓடி வந்து தோளைப் பிடித்தார். "தேட்டர் உள்ள கூட்டிட்டுப் போய் இருபது நிமிஷம் ஆச்சு. ரிப்போர்ட் பாத்துட்டுத்தான் டாக்டர் ஆரம்பிச்சாங்க. கொஞ்சம் கம்மிதான், ஆனா ஊசி போடற அளவுக்கு இருக்கு."

"எந்த ரிப்போர்ட்ட? இது இப்பதானே வந்துச்சு?"

அவர் கையிலிருந்த கேஸ் ஷீட்டைத் திருப்பிக் காட்டினார். அதில் குண்டூசியால் குத்திய சின்னத் தாள் ஒன்று இருந்தது. பேனாவில் எழுதிய எண்கள், அடியில் பரிசோதனைக்கூடத்தின் கையெழுத்து. "ஆயம்மா போய் வாங்கிட்டு வந்துட்டாங்க" என்றார்.

எதிர்ப்புறக் கட்டடம் நாற்பது அடி தூரம். படி ஏறி இறங்க இரண்டு நிமிடம். என் மனைவியின் உயிர் ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தபோது, சாலையைக் கடந்து போய் அதை வாங்கிவரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றுவரை அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, குரல் மட்டும் கூரையைத் தூக்கியது. என் மனைவிக்கு இரண்டு நாள் பிரஷர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு நாளும் நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை அவள் இட்லி கேட்டாள். அதற்குப் பிறகுதான் துடைப்ப அறைக்குப் போய், நானே கணினியை அணைத்துப் புதுப் பேட்டரியை மாட்டினேன். சேனல் எண்ணையும் கோப்பில் எழுதினேன்.

அன்று மதியம் வராந்தா பெஞ்சில் சிஸ்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து நன்றி சொன்னேன். ஆயம்மாவை அனுப்ப அந்த அவசரத்தில் அவருக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"அவசரத்துல ஒண்ணும் இல்ல தம்பி, தெனமும் போறதுதான். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் கையிலயும் வாங்கிட்டு வந்துருவோம். பிரிண்டர்ல வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்."

"எப்பலேருந்து?"

"நீங்க வச்ச ரெண்டாம் மாசத்துலேருந்து."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"சொன்னா கோவப்படுவீங்க" என்றார். குத்திக்காட்டும் தொனியே இல்லை. அவருக்கு அது வெறும் தகவல். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "மொதல்ல நாங்களும் உங்க மெஷின நம்பித்தான் இருந்தோம். ஒரு நாள் நல்ல மழ. உங்க சம்சாரத்துக்கு வந்த மாதிரியே ஒரு கேஸ், சின்னப் பொண்ணு, மொதப் பிரசவம். பிரிண்டர்ல ஒண்ணும் வரல. வரலன்னா அங்க ரிசல்ட் இன்னும் ரெடியாகலன்னு நெனச்சோம். காத்துக்கிட்டே இருந்தோம். ஒண்ணரை மணி நேரம். அங்க அவங்க அப்பவே அடிச்சு அனுப்பியாச்சாம். அதுலேருந்துதான் நடந்து போறோம்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அடுத்த கேள்வியைக் கேட்பேன் என்று காத்திருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். உள்ளே குழந்தை சிணுங்கியது.

"பாப்பா அழுவுது போலருக்கு" என்று எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த நர்ஸிங் ஹோமுக்கு வேலையாகப் போய்வந்தேன். சிஸ்டரை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பேன். குழந்தையைப் பற்றி விசாரிப்பார். அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று மட்டும் ஒரு நாளும் நான் அவரிடம் கேட்கவில்லை.