அக்காவின் அறையில் புல்தைலம்

என் அக்காவுக்கு மார்பில் புற்று வந்து, புண்ணாகி, வெளியே உடைந்தபோது அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. பவுடர் போட்டு, பஞ்சு வைத்துக் கட்டி, மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு பெஞ்சுக்கு மாறிய பிறகுதான் சங்கதி என் காதுக்கு வந்தது. நான் தனுவச்சபுரத்தில் ஒரு பாரலல் காலேஜில், அதாவது தனியார் டுடோரியலில், வேதியியல் நடத்துகிறவள். கல்யாணம் செய்துகொள்ளாததால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பையை எடுத்துக்கொண்டு குன்னத்துகாலில் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

அதே வீட்டின் மாடியில் அவளுடைய ஒரே மகன் இருந்தான். விழிஞ்ஞத்தில் மீன் எடுத்துப் பாறசாலையில் விற்கிறவன். அவன் மனைவி, குழந்தைக்கு ஆகாது என்று சொல்லி நெய்யாற்றின்கரையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இவன் எங்கும் போகவில்லை, ஆனால் அம்மாவின் அறைக்குள் வரவும் இல்லை. காலையில் கஞ்சித் தூக்கை வாசலில் வைத்து, "சித்தி, கஞ்சி இருக்கு" என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளிப்படி வழியாக ஏறிவிடுவான். நாளெல்லாம் சாளையிலும் அயிலையிலும் கைவிட்டு நிற்கிறவனுக்கு அம்மாவின் வாடை ஓக்காளமாம். கெட்ட மீனின் நாற்றமும் புண்ணின் நாற்றமும் அமீன் என்கிற ஒரே குடும்பத்து ரசாயனங்கள்தான் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் உறைத்திருக்காது.

அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "ஒருக்கா இஞ்ச வந்து எனக்க கட்டில்ல இரிக்கச் சொல்லு பிள்ளே. அவன் நல்லவனாக்கும். இந்த நாத்தம்தான் காரியம். நாத்தம் போச்செங்கில் ஓடி வருவான்" என்பாள்.

அந்த நாற்றத்தை ஒழித்துக் காட்டுவது என்று இறங்கினேன். அழுகும் சதையிலிருந்து வருகிறவற்றில் முக்கியமானவை அமீன்கள். எலுமிச்சைப்புல்லிலிருந்து வடிக்கிற புல்தைலத்தில் பெரும்பங்கு சிட்ரால், அது ஓர் ஆல்டிஹைடு. ஆல்டிஹைடும் அமீனும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வேறு பொருளாகிவிடும். இதைப் போர்டில் எழுதிப்போட்டு எத்தனையோ பிள்ளைகளைப் பாஸாக்கியிருக்கிறேன். போர்டில் அமீன் என்பது N, H என்று இரண்டு எழுத்து. அறையில் அது ஊறிக்கொண்டே இருந்தது. தரையைப் புல்தைலம் விட்டுத் துடைத்தால் கொஞ்ச நேரம் எலுமிச்சை மணம், பிறகு எலுமிச்சையும் அழுகலும் கலந்த மூன்றாவது ஒன்று. அது முந்தையதைவிட மோசம். ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் இன்னும் லேசானது, வந்த வேகத்தில் பறந்துவிட்டது. கிராம்பு எண்ணெயின் யூஜினால் மெதுவாகப் போகும் ரகம், அறை பல் டாக்டர் கிளினிக் மாதிரி ஆயிற்று. வெட்டிவேர் தைலம் நாள்கணக்கில் நின்றது, அதன் அடியில் நாற்றமும் நின்றது. செடிகள் இதையெல்லாம் பூச்சியை விரட்டவும் வண்டை வரவழைக்கவும் தமக்காகச் செய்து வைத்திருக்கின்றன. என் அக்காவைப் பற்றி அவற்றுக்கு என்ன கவலை!

ஒரு பொருளின் வாசம் என்பது அந்தப் பொருளிலிருந்தே கிளம்பி வந்து மூக்கில் ஒட்டுவது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டவனின் மூக்குக்குள்ளும் அவன் அம்மா கொஞ்சம் இருந்தாள் என்று நினைக்கையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜெபிக்க வந்த சர்ச் பெண்களோ கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலிலேயே ஜெபத்தை முடித்துக்கொண்டார்கள். அவ்வளவு சின்ன ஜெபத்தை எங்கள் சர்ச்சில் நான் கேட்டதே இல்லை.

பஞ்சாயத்தில் சொன்னால், தீராத நோயாளிகளைப் பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வந்து கட்டு மாற்றுவார். அதற்கும் அவன் குறுக்கே நின்றான். "அந்த வண்டி நம்ம வாசல்ல வந்து நிண்ணா ஊரு முழுக்க அறியும் சித்தி. நாணக்கேடாக்கும்." ஊர் அதற்கு முன்பே மூக்கால் அறிந்திருந்தது. நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

நர்ஸ் வந்து புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினார். "பேடிக்கண்டா சேச்சி, குறஞ்ஞோளும்" என்று மலையாளத்தில், பயப்படாதே, குறைந்துவிடும் என அக்காவுக்குத் தைரியம் சொல்லி, எனக்கும் கட்டு மாற்றக் கற்றுக்கொடுத்தார். மணத்தை வைத்து நாற்றத்தை மூடுகிற வேலையில்லை இது, நாற்றத்தை உண்டாக்குகிற கிருமியையே கொல்வது. சில நாட்களில் அறையில் நான் துடைத்த புல்தைலத்தின் வாடை மட்டும் மிஞ்சியது. என் மூக்கை நம்பாமல் பக்கத்து வீட்டுக்காரியை வரவழைத்தேன். அவள் கட்டிலருகே உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்று, விரலை நக்கிவிட்டுப் போனாள். அக்கா அன்று தலை சீவிவிடச் சொன்னாள். பச்சைக்கரை போட்ட முண்டு எடுத்துத் தரச் சொன்னாள்.

மகனைக் கூப்பிட்டேன். வாசலில் வந்து நின்று மூக்கிலிருந்து கையை எடுத்தான். மூச்சை இழுத்துப் பார்த்தான். அவன் முகம் செத்துவிட்டது.

"புல்தைலம் வாடையில தலை வலிக்குது சித்தி."

பச்சைத் தண்ணீர் விட்டு அறையைக் கழுவினேன். மறுநாள், "மழை வருது, லோடு எறக்கணும்" என்றான். அதற்கு அடுத்த நாள், "நாளைக்கு வாறேன்." எல்லாவற்றையும் அந்த வாசலில் நின்றுதான் சொன்னான், அக்காவுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. "எலே, அவ உன்னப் பெத்தவளாக்கும்" என்று கத்தினேன். "அது எனக்குத் தெரியும்லா சித்தி" என்று சொல்லிவிட்டுப் படியேறிவிட்டான். அவனைக் கையால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்த கட்டுக்கு நான் மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருந்தபோது அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இனி அது போடண்டாம் பிள்ளே."

"ஏன் அக்கா, எரியுதா?"

"இல்ல. நாத்தம் வரட்டு. நாத்தம் இருந்தப்பம் எனக்க மோன் வராததுக்கு ஒரு காரணம் உண்டு. இப்பம் என்ன உண்டு, நீ சொல்லு."

சண்டை போட்டேன், அழுதேன். நர்ஸைக் கொண்டும் சொல்லிப் பார்த்தேன். யாரையும் பொடி போட விடவில்லை. வெறும் பஞ்சை வைத்துக் கட்டினேன். நாற்றம் மெல்ல மெல்லப் பழையபடி வந்து சேர்ந்தது. ஒரு மத்தியானம் மாடியிலிருந்து அவன் சத்தம் போட்டான்.

"சித்தி, அந்த சன்னல சாத்துங்க! மனுசன் இருக்க முடியல்ல!"

கண்ணை மூடிப் படுத்திருந்த அக்காவின் முகம் தெளிந்தது.

"கேட்டியா?" என்றாள். "பாவம், அவனுக்கு நாத்தம் தாங்காது. அதாக்கும் வராதது."

நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.